நாவுல பஸ்ஸுக்கு நின்றவர்

நல்லையா திரும்பி வந்தபோது அவருடைய இதயம் வலப்பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்தது. மாத்தளை ஆஸ்பத்திரியில் குழாய் வைத்துப் பார்த்த டாக்டர் முதலில் இடப்பக்கம் தேடினார், பிறகு முதுகில் தேடினார், கடைசியில் வலப்பக்கத்தில் கண்டுபிடித்து, துடிப்பு ஒழுங்காக இருக்கிறது, இரும்புச்சத்துதான் குறைவு என்று குளிசை எழுதிக் கொடுத்தார். இது 1984ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் நடந்தது. அந்த வாரம் மிளகு விலை இறங்கியிருந்ததால் ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள்.

இதயம் மட்டுமல்ல, அவரில் எல்லாமே இடம் மாறியிருந்தது. இடப்புருவத்தில் இருந்த வெட்டுத்தழும்பு வலப்புருவத்துக்குப் போயிருந்தது. தலையின் வகிடு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்திருந்தது. வலக்கையால் சாப்பிட்டவர் இடக்கையால் சோறு பிசைந்தார், மாமியார் வீட்டு உறவுகள் முகம் சுளித்தன. கடைப் பலகைகளை அவரால் வாசிக்க முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் காட்டினால் ஓட்டமாக வாசித்தார். தலையணையில் அவர் தலை பட்ட இடத்தில் கறுப்பாக மை ஒட்டியது. மழையில் நனைந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. மண்ணெண்ணெய் வாசனை வந்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். அதனால் பரிமளம் அடுப்பை மாற்றி மறுபடி விறகுக்கு வந்தார்.

பரிமளம் அவருடைய மனைவி. திருகோணமலை வீதியில் ஒரு சின்னக் கடையில் பலகையில் செதுக்கி அச்செடுப்பது இருவருடைய தொழில். பரிமளம் செதுக்குவார், நல்லையா மை பூசித் தாளை வைத்து, சிரட்டைக் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுப்பார். முத்துமாரியம்மன் தேருக்கு நோட்டீஸ், வஹகோட்டைத் திருவிழாவுக்கு அந்தோனியார் படம், ஜவாஹிர் முதலாளியின் கறுவாப்பட்டைப் பொட்டலங்களுக்கு லேபல் என்று வேலை வந்துகொண்டிருந்தது. எழுபதுகளில் தோட்டத்துச் சனங்கள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது வேறொரு வேலையும் சேர்ந்தது. ஃபோட்டோ இல்லாதவர்கள் வந்து உட்கார்ந்து, போனவர்களைப் பற்றிச் சொல்வார்கள். எப்படிச் சிரிப்பார், கொழுந்துக்கூடையை எந்தத் தோளில் சாய்ப்பார், கோபம் வந்தால் எதை எறிவார். பரிமளம் கேட்டபடியே செதுக்குவார். அப்படி எடுத்த படங்கள் நன்றாக இருந்தன. எல்கடுவைப் பக்கத்துத் தோட்டத்தில், தன் லயத்து வீட்டில் பாப்பம்மா மாட்டிவைத்திருந்த அண்ணன் படம், கப்பல் ஏறிய நாள் வரும்போதெல்லாம் இருமியது. பாப்பம்மா அதற்குக் கொத்தமல்லித் தண்ணீர் வைத்தார்.

இந்தத் தொழிலில் இரண்டு விஷயங்கள் உண்டு. பலகையில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றிச் செதுக்கவேண்டும், அப்போதுதான் தாளில் நேராக விழும். அடுத்தது, வெட்டிய இடம் தாளில் வெள்ளையாக வரும், விட்ட இடம் கறுப்பாக வரும், வெட்டியதைத் திரும்ப நிரப்ப முடியாது. பரிமளம் முதல் விஷயத்தில் ஒருநாளும் தவறியதில்லை. எதிரே வருபவரைப் பார்த்தாலே மனம் தானாகத் திருப்பிப்போட்டுவிடும் என்று சொல்லிச் சிரிப்பார்.

1983ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு காலை, நாவுலயில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் கேட்டிருந்த மிளகாய்த்தூள் லேபல்களைக் கட்டி எடுத்துக்கொண்டு நல்லையா புறப்பட்டார். கறுப்புச் சட்டை போட்டிருந்தார், மை பட்டாலும் தெரியாது என்பதற்காக. பரிமளம் மகள் மங்களேஸ்வரியைப் பள்ளிக்கூடத்தில் விடும் வழியில் பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே போனார். நாவுல பஸ்ஸுக்கு அவர் நிற்பதைப் பார்த்தார். கையாட்டினார். பகலுக்குள் தமிழர் கடைகள் எரியத் தொடங்கின. பரிமளமும் மகளும் பேக்கரி ஹுசைன் வீட்டு மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்கள். ஹுசைன் நல்லையாவின் பால்யத் தோழன். அவர்தான் பிறகு நாவுல, தம்புள்ள என்று போய் விசாரித்தார். லேபல் கடைக்குப் போய்ச் சேரவில்லை. நல்லையாவைப் பார்த்தவர் எவரும் இல்லை.

கடை எரிந்தபோது செதுக்கிய பலகைகள் எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது ஒரு பக்கம் கரிந்த கடைக்கதவு மட்டுந்தான். நல்ல பலா. ஐந்து மாதம் அதைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பரிமளம், மார்கழிக் கடைசியில் அதை மடியில் கிடத்தி, புருஷனைச் செதுக்கத் தொடங்கினார். சொல்ல ஆள் தேவைப்படவில்லை, எல்லாம் அவருக்கே தெரியும். பொங்கலன்று முடித்து மை பூசித் தாளில் எடுத்தபோதுதான் தான் செய்ததைக் கண்டார். ஆயிரம் முகத்தைத் திருப்பிச் செதுக்கிய கை, இந்த முகத்தை, சாப்பாட்டுக்கு எதிரே உட்கார்ந்தபடியே, நேராகச் செதுக்கியிருந்தது. தாளில் நல்லையா இடவலம் மாறி விழுந்திருந்தார். பரிமளம் தலையில் அடித்துக்கொண்டு, கிழிக்க மனமில்லாமல், காயட்டும் என்று கொடியில் போட்டுவிட்டுப் படுத்தார். காலையில் கொடியில் வெறும் வெள்ளைத்தாள் ஆடிக்கொண்டிருந்தது. நல்லையா கிணற்றடியில் இடக்கையால் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"தண்ணி சூடா வைக்கலையா புள்ள?" என்று கேட்டார்.

பரிமளம் தண்ணீர் வைத்தார்.

ஹுசைன் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதார், தன் வெள்ளைச் சட்டையில் மை ஒட்டியதைக்கூடப் பார்க்கவில்லை. பிறகு, "ஏன்டா, கைய மாத்திக்கிட்ட, புத்தியையும் மாத்திக்கிட்டியா? குருநாகல் போயி படம் பாத்துட்டு பஸ் இல்லாம நடந்து வந்தமே, அதச் சொல்லு தங்கச்சிகிட்ட" என்றார். நல்லையா மரியாதையாகச் சிரித்தார். அவருக்கு அது தெரியவில்லை. கொஞ்சங் கொஞ்சமாகத்தான் எல்லோருக்கும் விளங்கியது. பரிமளத்துக்குத் தெரிந்த நல்லையா முழுவதும் வந்திருந்தார். பரிமளத்துக்குத் தெரியாத நல்லையா வரவில்லை.

அதனால்தான் அந்த பஸ் ஸ்டாண்ட் விஷயமும். ஒவ்வொரு நாளும் காலையில் கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் கட்டு எதுவும் இல்லாவிட்டாலும் இருப்பதுபோலக் கையை மடக்கிக்கொண்டு, அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். நாவுல பஸ் வரும், போகும். அவர் ஏறமாட்டார். ஏறிய பிறகு என்ன என்பது அவரிடம் இல்லை. வெயில் ஏறினதும், எதையோ மறந்துவிட்டு வந்த முகத்தோடு வீட்டுக்கு நடப்பார். கண்டக்டர்கள் பழகிவிட்டார்கள். "இன்னைக்கும் இல்லையா ஐயா?" என்று கேட்டுவிட்டு மணி அடிப்பார்கள்.

பரிமளம் அந்த முகத்தை ஒவ்வொரு நாளும் வாசலில் பார்த்தார். ஏறினாரா, இறங்கினாரா, எங்கே, யாரோடு என்று அவரிடமே எத்தனையோ தடவை கேட்டார். "ஒனக்குத் தெரிஞ்சதுதான் எனக்கும்" என்பார் நல்லையா, குற்றம் செய்தவர்போல. வாயால் சொல்லிக்கொடுத்தால் அவரிடம் நிற்காது, விளக்கு வைக்குமுன் போய்விடும். அப்போதுதான் பரிமளத்துக்கு அந்த யோசனை வந்தது. ஹுசைன் சொன்ன சினிமா நடையை உளியால் பலகையில், வாயோரத்தில் ஒரு கீற்றாக வெட்டினார். திரும்ப அச்செடுக்கக்கூடத் தேவைப்படவில்லை. அன்று சாயந்தரம் நல்லையா குருநாகல் பாதையில் அடித்த சீட்டியை அடித்துக்கொண்டு வந்தார். ஹுசைன் பேக்கரியில் தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

பரிமளம் ஊரெல்லாம் போய்க் கேட்கத் தொடங்கினார். எழுபத்துநாலில் நல்லையா இந்தியாவுக்கு விண்ணப்பம் எழுதிவிட்டு, பரிமளத்தைப் பார்த்த மறுநாள் அதைக் கிழித்துத் தேயிலை வேருக்குப் போட்டார் என்று பாப்பம்மா சொன்னார். இடி இடித்தால் சவரக் கத்தியைப் பார்க்கமாட்டார் என்று சலூன் முத்தலிப் சொன்னார். ஒவ்வொன்றையும் பரிமளம் வெட்டினார். ஒவ்வொன்றும் நல்லையாவுக்குள் போய் உட்கார்ந்தது. ஆனால் பலகையில் வெட்டியது வெள்ளை. கன்னத்தின் கறுப்பு குறைந்தது, முடி நரைத்தது, புறங்கைவழியாக மேசை தெரியத் தொடங்கியது. யார் என்ன சொல்லியும் அந்த பஸ் பயணத்தைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மங்களேஸ்வரி, அப்பாவின் ஊடாகவே பின்சுவரில் தொங்கிய காலண்டரை வாசித்துவிட்டு, பலகையை எடுத்து நெல் மூட்டைக்கு அடியில் தள்ளி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எழும்பு மங்களா."

"மாட்டேன். மத்தவங்க சொல்ற அப்பா ஒங்களுக்கு வேணும். எனக்கு இவரு போதும். கணக்கு சொல்லிக் குடுக்கிறாரு, தல பின்னி விடுறாரு. இன்னும் வெட்டுனீங்கன்னா ஒண்ணும் இருக்காது."

"அவரு எங்க போனாருன்னு தெரிய வேணாமாடி?"

"இங்கதானே இருக்காரு!"

பரிமளம் உளியைக் கீழே வைத்தார். பலகை மகளிடமே இருந்தது.

வருடங்கள் போயின. எண்பத்தொன்பதில் கிளர்ச்சி நடந்தபோது மாத்தளைப் பக்கத்தில் சிங்களப் பிள்ளைகள் காணாமல்போகத் தொடங்கினார்கள். ஆற்றுக்குப் பக்கத்தில் போவதை எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள். நல்லையா கதையைக் கேள்விப்பட்ட தாய்மார் வெள்ளைச் சேலையோடு பரிமளத்தின் வாசலில் உட்கார்ந்து, தங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார்கள். பரிமளம் எல்லோருக்கும் செதுக்கினார். அந்தக் கை மறுபடியும் தவறவில்லை, முகங்கள் நேராக விழுந்தன, தாளிலேயே தங்கிவிட்டன. வேண்டுமென்றே நேராகச் செதுக்கியும் பார்த்தார். தெரிந்து செய்ததால் அது வேலை செய்யவில்லை. படங்கள் கண்ணை மட்டும் இமைத்தன. தாய்மார் அதற்கும் நன்றி சொல்லி, மார்போடு அணைத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகு பரிமளம் அடுப்படியில் நின்று, தனக்கு மட்டும் கிடைத்ததை நினைத்து வெட்கப்பட்டு அழுவார். நல்லையா பக்கத்தில் வந்து நிற்பார். அழுகைக்குக் காரணம் கேட்கமாட்டார், அவர் ஒருநாளும் கேட்டவரல்ல.

பரிமளத்தின் நெற்றிப்பொட்டைப் பற்றிச் சொந்தக்காரர்களுக்குள் வழக்கு தீரவில்லை. புருஷன் போய்விட்டான், கருமாதி செய்யவேண்டும் என்றார் பெரியப்பா மகன் நாகமுத்து. அப்படிச் சொன்ன பந்தியில் நல்லையாவே அவருக்கு ரசம் ஊற்றினார். இரண்டாயிரமாம் ஆண்டு மங்களேஸ்வரிக்குக் கல்யாணம் ஆனபோது நல்லையா தாரை வார்த்துக்கொடுத்தார். தண்ணீர் அவர் கையில் நின்றது, கொஞ்சம்தான் ஊடாகப் போனது. மணமகன் வீட்டார் கண்டிக்காரர்கள், பெரிய மனது உள்ளவர்கள், ஒன்றும் கேட்கவில்லை.

2006ஆம் ஆண்டு, நாவுலயிலிருந்து ரன்மெனிக்கா என்ற சிங்கள அம்மா, மகளின் கல்யாண அழைப்பிதழுக்குக் கையால் எடுத்த பூவேலைப்பாடு வேண்டும் என்று தேடிக்கொண்டு, இப்போது வீட்டு முன்னறையிலேயே இருந்த கடைக்கு வந்தார். கல்யாணப் பெண் இனோகாவும் கூட வந்திருந்தாள். மங்களேஸ்வரியும் அன்று பிள்ளைகளோடு தாய்வீட்டில் இருந்தாள். மாதிரித் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்த ரன்மெனிக்கா, பஸ் ஸ்டாண்டிலிருந்து இடக்கையை மடக்கியபடி திரும்பிப் படியேறி வந்த நல்லையாவைப் பார்த்துத் தாள்களைக் கீழே போட்டார்.

"இந்த மாத்தயா வலக்கையால் அல்லவா பிள்ளையைப் பிடித்திருந்தார்?" என்றார் சிங்களத்தில்.

பரிமளத்துக்கு அதை யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

ரன்மெனிக்கா சொன்னது இவ்வளவுதான். எண்பத்துமூன்று ஆடியில், கடைகள் எரிந்த அன்று, மாத்தளை ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைப்பிள்ளையோடு நாவுலக்குப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில் கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் மடியில் ஒரு கட்டோடு இருந்தார். வழியில் ஒரு வளைவில் பஸ்ஸை மறித்தார்கள். கத்தியும் பொல்லும் வைத்திருந்தவர்கள் தமிழர்களைத் தேடி ஏறினார்கள். அவர் தமிழர் என்று ரன்மெனிக்காவுக்கு விளங்கியது. யோசிக்கவில்லை, பிள்ளையைத் தூக்கி அவர் கையில் வைத்தார். என் புருஷன், மூன்றாம் நாள்தான் ஆகிறது, விடுங்கள் என்றார். அவர் அவசர அவசரமாகக் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டுத்தான் பிள்ளையை வாங்கினார். முன்னால் வந்தவன் நம்பிப் போய்விட்டான். பின்னால் வந்தவன் அவரிடம், பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டான். அதை ரன்மெனிக்கா அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

"நான் வாயைத் திறப்பதற்குள் அந்த ஆள் என் தலைமயிரைப் பிடித்துவிட்டான், அக்கே. மூன்று பேரையும் இறக்கு என்றான். இவர் எழுந்தார். இந்தப் பொம்பிளையை எனக்குத் தெரியாது, ஒளிந்துகொள்ளப் பிள்ளையைப் பறித்தேன் என்று நல்ல சிங்களத்தில் சொன்னார். பிள்ளையை என் மடியில் வைத்தார். கழுத்தைப் பார்த்துப் பிடிங்க, நங்கி என்றார், சொந்தத் தங்கச்சியிடம் சொல்வதுபோல. இறங்கினார். பஸ் வெளிக்கிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். சட்டையின் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு நின்றார்."

பிறகு மகளின் செருப்பைக் கழற்றச் சொன்னார். இனோகாவின் குதிகாலில், பிறந்த மூன்றாம் நாளிலிருந்து எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத ஒரு கறுப்புப் பெருவிரல் அடையாளம் இருந்தது. சாரத்தில் துடைத்தும் போகாத மை. பரிமளம் நல்லையாவின் இடக்கைப் பெருவிரலைப் பிடித்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். வலக்கை விரல் பதித்த அச்சும், அச்சாகவே வந்த மனிதனின் இடக்கை விரலும் கோட்டுக்குக் கோடு ஒன்றாக இருந்தன. பரிமளம் தன் வாழ்நாளில் அதைவிடச் சுத்தமான அச்சைப் பார்த்ததில்லை.

நல்லையா நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அது விளக்கு வைக்கும் வரைக்கும்தான் அவரிடம் நிற்கும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பலகையில் இனி மிஞ்சியிருந்தது அந்தக் கறுப்புச் சட்டையின் நெஞ்சுப் பகுதி மட்டுந்தான். பரிமளம் மகளைப் பார்த்தார். உளியை எடுக்கவில்லை.

"அப்பா, நீங்களே சொல்லுங்க" என்றாள் மங்களேஸ்வரி.

"எனக்கு தெனமும் பஸ் ஸ்டாண்ட் வரைக்குந்தாம்மா தெரியுது" என்றார் நல்லையா. "அதுக்கு மேல எட்டு வைக்கப் பாத்தா காலுக்குக் கீழ ஒண்ணுமில்ல. வெட்டு பரிமளம். நான் பஸ்ஸுல ஏறிப் பாத்துட்டு வர்றேன்."

மங்களேஸ்வரி உள்ளே போனாள். சிறுவயதில் நெல் மூட்டைக்கு அடியில் தள்ளிய கதவுப்பலகையைத் தன் கல்யாணச் சேலையில் சுற்றிவைத்திருந்தாள். அதைக் கொண்டுவந்து தாயின் மடியில் கிடத்தினாள். பரிமளம் வெட்டத் தொடங்கினார். பிள்ளையை வரையவேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள சட்டையை எடுக்கவேண்டும், வேறு வழி இல்லை. இனோகா செருப்பில்லாத காலோடு எதிரே நின்றாள். பரிமளம் அவளைப் பார்க்காமலே அவளைச் செதுக்கினார், துணிச்சுருளுக்குள் ஒரு சின்னத் தலை, மூடிய கண், ஒரு குதிகால். நல்லையாவின் வலக்கை மடிந்து கூடாக வளைந்தது. அத்தனை வருடத்தில் அவர் வலக்கையை ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை. அவர் முகத்திலிருந்து, மறந்துவிட்டு வந்தவரின் அந்தப் பார்வை போய்விட்டது.

"கழுத்தப் பாத்துப் புடிங்க, நங்கி" என்றார் ரன்மெனிக்காவிடம். பிறகு கல்யாணப் பெண்ணை நிமிர்ந்து பார்த்து, "பேரு என்ன?" என்று கேட்டார்.

"இனோகா, மாமா."

"இனோகா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சட்டையின் கையை இறக்கிப் பொத்தான் போட்டார். பரிமளம் கடைசிச் சீவலை ஊதிவிட்டு நிமிர்ந்தபோது நாற்காலிக்குப் பின்னாலிருந்த சுவர் முழுவதும் தெரிந்தது.

அந்த மாதமே கருமாதி நடந்தது. எந்த ஊர், எந்த நாள் என்று ஐயர் கேட்டதற்குப் பரிமளத்திடம் பதில் இருந்தது. பொட்டை எடுக்கச் சொல்லி வந்த பெண்களை, போய் வேலையைப் பாருங்கடி என்று அனுப்பிவிட்டார். ஹுசைன் பேக்கரியில் அன்று யாருக்கும் பாண் விற்கவில்லை, தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்குச் சும்மா கொடுத்தார், கொடுத்துக்கொண்டே குருநாகல் சீட்டியை அடித்துப் பார்த்தார். அவருக்கு அது சரியாக வரவில்லை. மறுநாள் காலை நாவுல பஸ் ஒரு நிமிடம் பிந்திப் புறப்பட்டது. கண்டக்டர் பழக்கத்தில் காத்திருந்தார்.

இனோகாவின் கல்யாணத்துக்குப் பரிமளம் அந்தக் கதவுப்பலகையில் கடைசியாக ஓர் அச்செடுத்துக் கொண்டுபோனார். தாளில் நல்லையா இல்லை, தழும்பு இல்லை, கை இல்லை. வெட்டாமல் விட்டது மட்டும் விழுந்திருந்தது. வெள்ளைத் தாளின் நடுவே, ஒருவர் நெஞ்சு இருக்கவேண்டிய உயரத்தில், ஒரு பச்சைப்பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படம் நாவுலயில் அவர்கள் வீட்டு முன்னறையில் இன்றும் தொங்குகிறது. வருகிறவர்கள் பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கிறார்கள். பிள்ளைக்குக் கீழே யாரும் இல்லை. பிள்ளை விழவில்லை.